எட்டாம் வகுப்பின் ஆண்டு விழாவுக்கு எந்த நாடகம்?

கேள்வி: நவம்பர் 17

அந்தியூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். பிப்ரவரிக் கடைசியில் ஆண்டு விழா. இந்த ஆண்டு நடனங்களைக் குறைத்துவிட்டு ஒரு நாடகம் போடும்படி தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். வகுப்பில் 43 பேர் இருக்கிறார்கள். மேடையில் கிடைப்பது 30 நிமிடம். கட்டபொம்மன் அல்லது தீரன் சின்னமலை என்பது பலருடைய எண்ணம். வசனத்தை முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்துகொண்டு, பிள்ளைகளை வாயசைக்க வைத்தால் போதும் என்கிறார்கள். எந்த நாடகத்தைத் தேர்ந்தெடுக்கலாம்?

நவம்பர் 18

நாடகத்தின் பெயரை எடுப்பதற்கு முன்பு, 43 பேரில் எத்தனை பேர் வாய் திறந்து பேசப்போகிறார்கள் என்பதை முடிவு செய்யுங்கள். பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு பள்ளியில் இருந்தபோது, சின்னமலை நாடகத்தை நானே எழுதி மேடையேற்றினேன். ஓடாநிலைப் போரில் தொடங்கி, 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் அவர் தூக்கிலிடப்பட்டதோடு முடித்திருந்தேன். வசனத்தில் முக்கால்வாசி சின்னமலைக்கே போயிற்று. ஏனென்றால் கணீரென்று பேசக்கூடிய ஒரு பையன் வகுப்பில் இருந்தான், அவனை நினைத்தே நான் எழுதிக்கொண்டு போனேன். விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது அவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. மாற்றாக நின்ற பையன் பாதியை மறந்தான். மீதியைத் திரைக்குப் பின்னால் இருந்து நான் வாசித்தேன்.

என்னை இன்றுவரை விடாமல் தொடர்வது அதுவன்று. விழா முடிந்து பெற்றோர்கள் கலைந்தபோது ஒரு தாயார் வந்து, "எம்பையன் எங்கீங்க சார் நின்னான்?" என்று கேட்டார். அட்டை வாளும் கரி மீசையுமாக நின்ற முப்பது பேரில் தம் மகனை அவரால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு மாதம் ஒத்திகைக்கு வந்த பிள்ளை அவன். அந்தக் கேள்வி வராத நாடகத்தைத்தான் தேட வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். கட்டபொம்மனும் இதே அமைப்புதான்: ஒருவர் முழங்குவார், மற்றவர்கள் சுற்றி நிற்பார்கள்.

நவம்பர் 18, இரவு

வாயசைப்பதைப் பற்றி: வேண்டவே வேண்டாம். தன் குரலைத் தானே மேடையில் கேட்பதற்காகத்தான் பிள்ளை மேடை ஏறுகிறது.

நவம்பர் 23

அச்சில் உள்ள நாடகங்களைக் கேட்டிருந்தீர்கள். என் அலமாரியில் இருப்பவற்றை, மேடையை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வாரமாக மறுபடியும் படித்தேன்.

பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் 1891-இல் வெளிவந்தது. நாம் நாள்தோறும் காலை வழிபாட்டில் பாடுகிற தமிழ்த்தாய் வாழ்த்து இந்நூலின் முகப்பில் உள்ள வாழ்த்துப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது. 2021-இல் அரசு அதனை மாநிலப் பாடலாகவே அறிவித்தது. ஒரு நாடக நூலின் வாசலில் நின்றபடிதான் ஒவ்வொரு நாளும் தொடங்குகிறோம் என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் முகத்தில் வியப்பைப் பார்க்கலாம். ஆனால் முழு நாடகமும் ஐந்து அங்கங்களாகச் செய்யுளில் அமைந்தது. மேடைக்கு என்பதைக் காட்டிலும் படிப்புக்கு ஏற்றது. பதின்மூன்று வயதுப் பிள்ளை அந்த ஆசிரியப்பாவைப் பொருள் உணர்ந்து பேச அரை ஆண்டு வேண்டும்.

பம்மல் சம்பந்த முதலியாரின் சபாபதி நேர்மாறானது. முதலாளிக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். வேலைக்காரனின் மந்தத்தனத்தில் பிறக்கும் சிரிப்பு இன்றும் எடுபடும். அவர் 1964-இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரைதான் பதிப்புரிமை என்பதால் இப்போது அனுமதிக் கடிதத்துக்கு அலைய வேண்டியதுமில்லை. இருந்தும் நான் தயங்குகிறேன். அந்த வேலைக்காரன் வேடம் போடுகிற பிள்ளையை மற்றவர்கள் ஆண்டு முழுதும் அப்பெயரால் கூப்பிடுவார்கள், அந்த வேடம் எந்த மாதிரிப் பிள்ளைக்குப் போய்ச் சேரும் என்பதும் நமக்குத் தெரியும்.

கோமல் சுவாமிநாதனின் தண்ணீர் தண்ணீர் என் மனத்துக்கு மிக நெருக்கமானது. கால்வாயில் தங்கள் முறைக்குத் தண்ணீர் வருமா என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கும் காங்கயம், பல்லடம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதில் ஒரு வரியைக்கூட விளக்க வேண்டியதில்லை. ஆயினும் அதில் வருகிற மனிதர்கள் வாழ்ந்து களைத்தவர்கள். அந்தக் களைப்பை எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது சரியன்று. பன்னிரண்டாம் வகுப்புக்கு என்றால் நான் வேறு எதையும் தேடவே மாட்டேன்.

நவம்பர் 25

அண்ணன்மார் கதையைப் போடலாமா என்று உங்கள் சக ஆசிரியர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். பொன்னர், சங்கர், தங்காள் கதையை உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடக் கேட்டு வளர்ந்த அப்பாருவும் ஆத்தாவும் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கொங்கு நாட்டில் அதைவிடப் பெரிய கதை கிடையாது. அதன் பெருமையில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அது பல கோவில்களில் வழிபாட்டோடு சேர்ந்த கதை, படுகளம் விழுந்து எழுப்புகிற சடங்கு உள்ள கதை. கதையில் எதிர்த்தரப்பாக வருகிறவர்களின் பெயரையே தம் குலப் பெயராகக் கொண்ட பிள்ளைகளும் அதே பெஞ்சில் அமர்ந்திருப்பார்கள். அரை மணி நேரத்துக்குச் சுருக்கும்போது இரு தரப்பின் நியாயமும் அடிபட்டுப்போய், வெட்டும் குத்தும் மட்டுமே மிஞ்சும். ஒரு பிள்ளைகூட அன்றைக்கு வீட்டுக்குத் தலை குனிந்து போகக் கூடாது. ஆகவே வேண்டாம்.

டிசம்பர் 2

எங்கள் பள்ளியிலும் நாடகம் போட முடிவாகிவிட்டது. எனக்கும் எட்டாம் வகுப்புதான், 41 பேர். இனி நான் எழுதுவது அறிவுரையாக இராது, இருவரும் ஒரே வேலையைச் செய்கிறோம்.

மூன்று நாளாக ஓர் எண்ணம் பிடித்து வைத்திருக்கிறது. புறநானூற்றில் நம் பகுதியைச் சேர்ந்த மூன்று காட்சிகள் கோத்தாற்போலக் கிடக்கின்றன. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அதியமான் அங்கே ஆண்டவன். கருவூர்ச் சேரரில் ஒருவன் பெருஞ்சேரல் இரும்பொறை. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததும், ஔவை தொண்டைமானிடம் தூது போனதும் 95-ஆம் பாட்டில் உள்ளன. அரச முரசை வைக்கும் முரசுகட்டிலில், ஏறியவரை வெட்டுவார்கள் என்பது அறியாமல் உறங்கிப்போன புலவர் மோசிகீரனாருக்கு இரும்பொறை கவரி என்னும் விசிறியை வீசியது 50-ஆம் பாட்டில் உள்ளது.

இவற்றில் ஒருவர் முழங்கி மற்றவர் நிற்கும் நிலை இல்லை. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். மயிற்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசிய வேல்கள் அங்கே அழகாக அடுக்கியிருக்கின்றன. ஔவை அவற்றைப் பார்த்துவிட்டு, எங்கள் அரசனுடைய வேல்களோ நுனி முறிந்து எந்நாளும் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். இதை மேடையில் இரண்டு இடங்களாகக் காட்டலாம். ஒரு பக்கம் தொண்டைமானின் காவலர்கள் வேல்களைத் துடைத்துத் துடைத்து அடுக்குகிறார்கள். மறுபக்கம் தகடூர்க் கொல்லப்பட்டறையில் துருத்தி ஊதுகிறவன், சம்மட்டி அடிக்கிறவன், முறிந்த வேலைச் சுமந்து வருகிறவன், கூலி கேட்கிறவன், தண்ணீர் கொண்டுவரும் பெண் என்று பத்துப் பேருக்கு ஆளுக்கு மூன்று வரி பேச்சு கிடைக்கும். பட்டறையில் என்ன பேசுவார்கள் என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும்.

டிசம்பர் 3

திருத்தம். நெல்லிக்கனி 91-ஆம் பாட்டில் வருகிறது. 95-இல் தூது மட்டுமே. நினைவிலிருந்து எழுதிவிட்டேன். உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் முன் மாற்றிக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 5

நேற்று வகுப்பில் 50-ஆம் பாட்டை வாசித்துப் பொருள் சொன்னேன். முரசை நீராட்டக் கொண்டுபோயிருக்கிறார்கள். கட்டில் வெறுமையாகக் கிடக்கிறது. அதன்மேல் மெல்லிய பூக்கள் பரப்பியிருக்கின்றன. அந்தப் பூப்படுக்கைக்குப் புலவர் சொல்லும் உவமை, எண்ணெயின் நுரையை முகந்து வைத்ததுபோல என்பது. இருபத்தைந்து ஆண்டாக இந்தப் பாட்டை நடத்துகிறேன். இந்த இடத்தை விளக்க ஒவ்வொரு முறையும் நான் திணறியிருக்கிறேன். நேற்று பின் பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து, "எங்கப்பா வேலை செய்யற எண்ணெய் மில்லுல பாத்திருக்கறனுங்க சார், தொட்டா இருக்கறதே தெரியாது" என்றாள். காங்கயத்துத் தேங்காய் எண்ணெய் ஆலை ஒன்றில் அவளுடைய தந்தை வேலை செய்கிறார். அவள் சொன்னதற்கு மேல் எந்த உரையாசிரியரும் சொல்ல வேண்டியதில்லை.

நாடகத்தைத் தேர்ந்தெடுப்பது வகுப்பறையில் உரக்க வாசித்துப் பார்த்த பிறகுதான் நடக்க வேண்டும். எந்த இடத்தில் பிள்ளைகள் குறுக்கே பேசுகிறார்களோ அங்கே நாடகம் இருக்கிறது.

டிசம்பர் 11

அரையாண்டுத் தேர்வு தொடங்கிவிட்டது. ஒத்திகையைப் பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 27

விடுமுறையில் மேடையின் அளவைப் பார்த்தேன். எங்கள் பள்ளி மேடை சிறியது. அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை மீண்டும் எடுத்தபோது அந்தக் குறை நீங்கிற்று. இளங்கோவடிகள் சொல்லும் அரங்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் உடையது. ஒரு கோல் என்பது இருபத்து நான்கு விரல், அதாவது ஏறக்குறைய ஒரு முழம். கணக்குப் பார்த்தால் பத்தரை அடிக்குப் பன்னிரண்டு அடி; மாதவி ஆடியதே அந்த அளவில்தான். எங்கள் மேடை அதைவிடப் பெரியது. தூணின் நிழல் விழாதபடி விளக்கை வைக்க வேண்டும் என்பதையும் அங்கே சொல்கிறார். எங்கள் மேடையின் முன்புறம் இரண்டு இரும்புத் தூண்கள் நிற்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் அவற்றின் நிழல் பிள்ளைகளின் முகத்தில்தான் விழுகிறது. இந்த முறை விளக்குகளைத் தூண்களுக்கு உட்புறமாகக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

மேடையில் ஒரே சமயத்தில் பன்னிரண்டு பேருக்கு மேல் நிற்க வேண்டாம். மற்றவர்கள் மேடைக்குக் கீழே, பார்வையாளர்களுக்குப் பக்கத்தில், பின்பாட்டுக்காரர்களாக அமரட்டும்.

ஜனவரி 4

வாயசைப்பு பற்றி நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன், முழுவதுமாக அன்று. திறந்த மைதானத்தில் ஆயிரம் பேர் அமர்ந்திருக்க, வாடகை மைக் இரண்டை வைத்துக்கொண்டு சிறு பிள்ளை பேசினால் மூன்றாவது வரிசைக்குக்கூடக் கேட்காது என்று நீங்கள் எழுதியது உண்மை. வேண்டவே வேண்டாம் என்று ஒரே வரியில் தள்ளியபோது, அந்தத் தொல்லைக்கு நான் எந்த வழியும் சொல்லவில்லை.

வழி நம் கூத்திலேயே இருக்கிறது. தருமபுரி, சேலம் பக்கத்துத் தெருக்கூத்தில் வேடக்காரர் ஒரு வரியைப் பாடியதும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். சுவைக்காக அப்படிச் செய்கிறார்கள் என்று நீண்ட நாள் எண்ணியிருந்தேன். மைக் இல்லாத காலத்தில், விடிய விடிய நடக்கும் ஆட்டத்தில், கடைசியில் இருப்பவர் காதுக்கும் வரி போய்ச் சேர அதுவே துணையாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு மைக்கைப் பின்பாட்டுக் கூட்டத்துக்குக் கொடுத்துவிடுங்கள். மேடையில் பிள்ளை சொல்லும் முக்கியமான வரியைக் கூட்டம் திருப்பிச் சொல்லட்டும். கட்டியங்காரன் இருவர் இருந்தால், யார் வருகிறார், எங்கே வருகிறார் என்பதை அவர்கள் அறிவித்துவிடுவார்கள். சிறிய குரலுக்கு முப்பது குரல் துணை நிற்கும்.

ஜனவரி 19

ஒத்திகை தொடங்கிற்று. எந்தத் தமிழில் பேசுவது என்பதில் இரண்டு நாள் போயிற்று. எல்லாரும் செந்தமிழில் பேச வேண்டும் என்பது என் முதல் எண்ணம். பட்டறைக் காட்சியில் அது உயிரில்லாமல் போயிற்று. "ஏனுங்க, நேத்து குடுத்த வேலு இன்னும் ஆகலீங்களா?" என்று ஒருவன் தன்னையறியாமல் கேட்டதும் காட்சி எழுந்து நின்றது. இப்போது கட்டியங்காரர்களும் பட்டறைக்காரர்களும் காவலர்களும் கொங்குத் தமிழில் பேசுகிறார்கள். ஔவையும் மோசிகீரனாரும் அரசர்களும் எழுத்துத் தமிழில் பேசுகிறார்கள். இது மேலோர் கீழோர் பிரிவுபோல ஆகிவிடுமோ என்ற அச்சம் எனக்கு வந்தது. அதனால் ஔவை பட்டறைக்குள் வரும்போது மட்டும் அவர்களுடைய பேச்சிலேயே பேசுகிறார். ஔவையாக நடிக்கும் பெண் அதைத் தானாகவே செய்தாள்.

ஜனவரி 24

இன்று நடந்ததை விரிவாக எழுத வேண்டும்.

பாட்டுகளின் அடிக்குறிப்பை வாசிக்கச் சொன்னேன். 50-ஆம் பாட்டின் குறிப்பு, பாடப்பட்டவனைத் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை என்கிறது. எறிந்த என்றால் அழித்த என்று நான் சொன்னவுடன் வகுப்பு அமைதியாயிற்று. பிறகு ஒருவன் கேட்டான்: "விசிறி வீசுன அதே ராசாவாங்க சார்?"

அதே அரசன்தான். புலவனை வெட்டாமல் விட்டதோடு நிற்காமல் அருகே வந்து கவரி வீசிய அந்தக் கைதான், ஔவையின் நண்பனுடைய ஊரை அழித்தது. இந்த முரண்பாட்டை நான் டிசம்பரிலேயே அறிவேன். நாடகத்தில் அதைத் தொடாமல் கடந்துவிடலாம் என்று எண்ணி, தூது, போர், கவரி என்று வரிசைப்படுத்தி, இனிமையான காட்சியைக் கடைசியில் வைத்திருந்தேன். அந்த வரிசை ஒரு பொய் சொல்கிறது என்பது பையனின் கேள்வியில்தான் எனக்குப் புரிந்தது. போரைச் செய்தவனுக்குக் கடைசியில் கவரியைக் கொடுத்து அனுப்பிவிட்டால், தகடூரின் துயரம் மறந்துபோகும்.

வரிசையை மாற்றலாமா என்று பிள்ளைகளிடம் கேட்டேன். ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. ஔவை ஒளிந்து நின்று கவரிக் காட்சியைப் பார்ப்பதுபோல வைக்கலாம் என்றாள் ஒருத்தி. அழகான எண்ணம்தான், ஆனால் பாட்டில் இல்லாத ஒன்றை ஔவையின் கண்ணில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. முடிவில் கவரிக் காட்சியை முதலில் வைப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். பார்க்கிறவர்கள் இரும்பொறையை விரும்பத் தொடங்கட்டும். அதே அரசன் பின்னால் தகடூர் வாசலில் வந்து நிற்கும்போது அவர்களும் எங்கள் வகுப்பைப் போல அமைதியாகட்டும்.

உங்களுக்கு நான் முன்பு அனுப்பிய வரிசையைத் தயவுசெய்து கைவிடுங்கள். அல்லது உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் வேறு முடிவுக்கும் வரலாம்.

ஜனவரி 30

இரும்பொறை வேடம் யாருக்கு என்று கேட்டீர்கள். அரிசி ஆலை ஒன்றில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் எங்கள் வகுப்பில் இருக்கிறான். தமிழ் நன்றாகப் புரிகிறது; பேசக் கூசுகிறான். கவரிக் காட்சியில் அரசனுக்குப் பேச்சே இல்லை. உறங்குகிறவரைப் பார்க்கிறான், வாளில் கை வைக்கிறான், கையை எடுக்கிறான், கவரியை எடுத்து வீசுகிறான்; அவ்வளவையும் உடலால் செய்ய வேண்டும். அவன் முதல் நாளே செய்து காட்டினான். பேச்சில்லாத வேடத்தைப் பேசாத பிள்ளைக்குக் கொடுத்து ஒதுக்கிவிட்டோமோ என்று அன்றிரவு உறங்காமல் யோசித்தேன். மறுநாள் தகடூர்ப் போர்க் காட்சியில் அவனுக்கு ஒரே ஒரு வரி சேர்த்தேன். "கதவைத் திற" என்பது அந்த வரி.

பிப்ரவரி 8

ஔவையின் புலம்பல். 235-ஆம் பாட்டு கள்ளைப் பற்றிய வரியோடு தொடங்குவதால் உங்கள் தலைமையாசிரியர் தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். தொடக்கத்தை விட்டுவிட்டு நடுப்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதியமானின் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் உண்கலத்தைத் துளைத்து, இரப்பவர்களின் கையைத் துளைத்து, புலவர்களின் நாவில் போய் விழுந்தது என்கிறார் ஔவை. மேடைக்கு அதுவே போதும். எங்கள் பின்பாட்டுப் பிள்ளைகள் இருபது பேரும் சத்துணவுத் தட்டைக் கையில் ஏந்தி நிற்பார்கள். உண்கலம் என்ற சொல் வரும்போது ஒவ்வொருவராகத் தட்டைத் தரையில் கவிழ்த்து வைப்பார்கள். ஒத்திகையில் அந்த இருபது ஓசையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து வாசலில் நின்றுவிட்டார்.

பிப்ரவரி 24

உங்கள் விழா நாளை மறுநாள் என்பதால், நேற்று எங்களுக்கு நேர்ந்தவற்றில் உங்களுக்கு உதவக்கூடியதை மட்டும் எழுதுகிறேன்.

மயிற்பீலி கட்டிய வேல்கள் மின்விசிறிக் காற்றில் சாய்ந்தன. அடியில் செங்கல் வைத்துக் கட்டுங்கள். பட்டறைச் சம்மட்டி உண்மையான இரும்பாக இருந்ததால் மைக்கில் இடிபோல விழுந்தது. மரச் சுத்தி போதும். முரசுக்கு எங்கள் ஊர் மேளக்காரர் தம் பெரிய மேளத்தையே தந்து உதவினார். அது மேடைக்கு வரும்போது நாலு பேர் தூக்க வேண்டும், மூவரால் முடியாது. தட்டுகளைக் கவிழ்க்கும் இடத்துக்கு முன்பு பின்பாட்டு மைக்கைக் கீழே இறக்கிவையுங்கள், அப்போதுதான் ஓசை கேட்கும்.

நாடகம் 30 நிமிடத்துக்குள் முடியும் என்று கணக்கிட்டிருந்தேன், 33 ஆயிற்று. கூடுதலான நேரத்தில் பெரும்பகுதி கவரிக் காட்சியில் போயிற்று. மோசிகீரனார் விழித்தெழ வேண்டிய குறிப்பாகக் கட்டியங்காரன் மணி அடிக்க வேண்டும். அவன் அடிக்கவில்லை. மேடையில் வீசிக்கொண்டிருந்த பையனும் நிறுத்தவில்லை. ஏன் அடிக்கவில்லை என்று பிறகு கேட்டேன். "அவுரு நல்லாத் தூங்கிட்டிருந்தாருங்க சார்" என்றான். உங்கள் நிகழ்ச்சி நிரலில் மூன்று நிமிடம் கூடுதலாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.